சோடனையும் செக்கும்

கணினி கற்கத் தொடங்கும் பிள்ளையுள்ள வீடுகளில் ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. இலவசமாகக் கிடைக்கும் 'தீம்' ஒன்றை எடுத்து வலைப்பூ அமைக்கப் பழகுவதா? அன்றி, சி, கோ, ரஸ்ட் முதலாய 'கம்பைல்' செய்யும் மொழிகளைப் பயில்வதா? முன்னது விளையாட்டு, பின்னதே கல்வி என்பார் ஒரு சாரார். பின்னது வீண் தலையிடி, முன்னதே விரைவில் உழைப்புத் தரும் என்பார் மறுசாரார். இருதிறத்தாரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். எழுதப்படுவது தமிழாயின், இவ்விரண்டையும் அளக்கும் கோல் வேறாகும். அதனைச் சற்று ஆராய்வோம்.

கண்ணுக்குத் தெரியும் பின்னல்

தீம் என்பது வலைப்பூவின் தோற்றத்தை அமைக்கும் கோப்புகளின் தொகுதி. கலியாணப் பந்தலுக்குச் சோடனை எவ்வாறோ, எழுத்துக்குத் தீம் அவ்வாறு. சோடனையை மாற்றினால் மணமக்கள் மாறுவதில்லை. தீமை மாற்றினாற் கட்டுரையும் மாறுவதில்லை. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளுக்கு இத்தகைய தீம்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுட் பல 'திறந்த மூலம்' என்னும் வகையைச் சேர்ந்தவை. அதாவது, அவற்றின் மூலத்தை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம்.

பனையோலைக் கடகத்தின் பின்னல் பார்ப்பவர் கண்ணுக்கு முழுதுந் தெரிவதுபோல, இத்தகைய தீமின் உள்ளமைப்பும் வெளியே தெரிகின்றது. ஒரு வரியை மாற்றிப் பக்கத்தைத் திரும்பத் திறந்தால் விளைவை உடனே காணலாம். தொடக்க மாணவனுக்கு இது பெரும் ஊக்கமாகும். ஆயினும் குறையும் உண்டு. தீமில் நேர்ந்த பிழையைப் பல வேளைகளில் வாசகனே முதலிற் காண்கின்றான்.

செக்கிலிட்ட எள்

கம்பைல் செய்யும் மொழியின் வழி வேறு. மனிதன் எழுதிய மூல நிரல் முழுவதையும், அது இயங்குமுன்னரே, இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருவதே கம்பைலரின் தொழில். அமெரிக்கப் பெண் அறிஞர் கிரேஸ் ஹொப்பர் 1952இல் இவ்வழிக்கு வித்திட்டார். 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் போர்ட்ரான் மொழியை வெளியிட்டது. 1970களின் தொடக்கத்திற் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி சி மொழியை ஆக்கினார். கோ மொழி 2009இலும், ரஸ்ட் மொழியின் முதலாம் பதிப்பு 2015இலும் வந்தன.

செக்கிலிட்ட எள் எண்ணெயாகி வருவதை ஒத்தது இது. எண்ணெய் உடனே பயன்படும். அதிலிருந்து எள்ளைத் திரும்பப் பெறல் இயலாது. கம்பைல் செய்யப்பட்ட நிரலும் விரைந்து இயங்கும். அதனைப் பிரித்துப் பழைய மூலத்தை அவ்வண்ணமே பெறல் அரிது. மற்றொரு நன்மையும் உண்டு. எண் வரவேண்டிய இடத்திற் சொல்லை வைத்தால், கம்பைலர் அங்கேயே மறுத்து, வரியையுஞ் சுட்டிக் காட்டும். வாசகன் காணுமுன் எழுதியவனே அப்பிழையைக் காண்கின்றான். கருத்துப் பிழைகளை மட்டும் அதுவும் அறியாது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். 'திறந்தது' என்பதும் 'கம்பைல் செய்யப்பட்டது' என்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. எண்ணெயோடு எள்ளையுஞ் சேர்த்துக் கொடுப்பார் உளர். 1987இல் வெளிவந்த ஜி.சி.சி. என்னும் கம்பைலரும், கோ, ரஸ்ட் மொழிகளின் கம்பைலர்களும் திறந்த மூலத்தனவே.

யாழ்ப்பாணத்துக்கு எத்தனை எழுத்து?

இனித் தமிழுக்கு வருவோம். 'யாழ்ப்பாணம்' என்னுஞ் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று முதலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், விரல்விட்டு எண்ணி ஆறு என்னும். உயர்தர வகுப்பிற் பயிலும் பைதன் மொழியைக் கேட்டால் 11 என்னும். கோ, ரஸ்ட் மொழிகளில் நீளங் கேட்டால் 33 என்று விடை வரும். 2014இல் வெளிவந்த சுவிப்ட் என்னுங் கம்பைல் மொழியோ பிள்ளையைப்போல ஆறு என்றே கூறும்.

இவற்றுள் எதுவும் பொய்யன்று. யூனிகோட் முறையில் 'யா' என்பது யகரமும் காலும் ஆகிய இரு குறிகள். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும் ஆகிய இரு குறிகள். இவ்வாறு எண்ணினால் 11. வழக்கமான சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு இடங் கொள்ளும், ஆகவே 33.

இதனால் வருங் கேடு யாது? வலைப்பூவின் முகப்பிற் கட்டுரையின் தொடக்கத்தை மட்டுங் காட்டித் தீம் வெட்டிவிடுவதுண்டு. ஐந்து குறிகளோடு வெட்டினால், 'யாழ்ப' என்று புள்ளியிழந்து நிற்கும். இருபது பைட்டோடு வெட்டினால், 'யாழ்ப்' என்பதன் பின் ஓர் எழுத்து உடைந்து பொருளற்ற குறியாகும். ஆங்கிலத்தை எண்ணிச் செய்த தீம்களில் வேறு குறைகளும் உள. நீண்ட தமிழ்ச்சொல் கைப்பேசித் திரையை மீறிப் போகும். வரிகள் நெருங்கி மேல்விலங்கும் கீழ்விலங்கும் முட்டிக்கொள்ளும். மூலந் திறந்திருப்பின் நம் மாணவனே இவற்றைத் திருத்தலாம். மூடியிருப்பின் பிறர் தயவைப் பார்த்திருத்தல் வேண்டும்.

மூடிய பெட்டியின் விலை

மூலத்தைத் தேடிப் பேணுவதன் அருமை இக்குடாநாட்டுக்குப் புதிதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். ஒருவர் வீட்டிற் கட்டிவைத்த ஏடு கறையானுக்கு இரையாகும். பலர் கையிற் பரவிய நூல் வாழும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்தவை திரும்பி வரவில்லை.

கணினியிலும் இவ்வாறே. யூனிகோட் பரவுமுன் ஈழத்தவர் பலர் 'பாமினி' எழுத்துருவில் எழுதினர். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த உபாயம் அது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகவே தோன்றும். சோடனை கலைந்தவுடன் மணமக்களும் மறைந்த கதை இது.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் நல்வழி காட்டுகின்றது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் அது எவர்க்கும் இலவசமாகத் தருகின்றது. அதன் தளம் இயங்குவது மீடியாவிக்கி என்னுந் திறந்த மென்பொருளில். அப்பக்கத்தை நமக்குக் காட்டும் உலாவியோ பெரும்பாலும் சி++ என்னுங் கம்பைல் மொழியில் ஆனது. 'கொ' என எழுதும்போது கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைத்து உருவமைக்கும் ஹார்ப்பஸ் என்னுந் திறந்த நிரலும் அம்மொழியினதே. பயர்பொக்சு, குரோம் ஆகிய உலாவிகள் அதனைப் பயன்படுத்துகின்றன. ஆகவே, ஒரு தமிழ்ப் பக்கம் நம் கண்முன் தோன்றச் சோடனையும் வேண்டும், செக்கும் வேண்டும்.

மாணவர்க்குச் சில சொல்

முதலில் திறந்த தீம் ஒன்றை எடுத்து, அதன் வரிகளை வாசியுங்கள். தமிழுக்கு ஒவ்வாதவற்றைத் திருத்துங்கள். அடுத்துக் கம்பைல் மொழியொன்றைப் பயிலுங்கள். இரண்டும் கூடும் இடத்தைக் காண விரும்பின், 2013இல் வெளிவந்த ஹியூகோவைப் பாருங்கள். கோ மொழியில் ஆன அது, வெறும் எழுத்துக் கோப்புகளையும் ஒரு தீமையுஞ் சேர்த்து முழுத் தளத்தை ஆக்கித் தரும். சனசமூக நிலையத்தின் மலரையோ பாடசாலைச் சஞ்சிகையையோ செலவின்றி வெளியிட அது போதும்.

எதனைத் தெரிந்தாலும், எழுதியதை யூனிகோட் தமிழில் தோற்றத்தினின்றும் வேறாகப் பேணுங்கள். படிகளைப் பல இடங்களில் வையுங்கள். தீம்கள் பழையனவாகும், மொழிகளும் மாறும். ஊரின் கதையை எழுதிய எழுத்து, நாளை வேறொரு சோடனையிலும் வாசிக்கப்படுதல் வேண்டும்.