வீட்டு மின்சாரத்திற்கு ஸ்டர்லிங் எஞ்சின் உகந்ததா?

உருளையினுள் அடைபட்ட காற்றை ஒரு முனையில் சூடாக்கி மறுமுனையில் குளிர்வித்தால், அது விரிந்து சுருங்கி எஞ்சினை இயக்கும். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டர்லிங் 1816-இல் காப்புரிமை பெற்ற எஞ்சினின் தத்துவம் இதுவே. விறகு, உமி, வெயில் எதனாலும் இதனை ஓட்டலாம்.

பெங்களூர் பிரேசர் டவுனில் மொட்டைமாடிகளில் சூரிய வெந்நீர்க் கலங்களைக் காணலாம். அவ்வெந்நீரால் எஞ்சினை ஓட்டி மின்சாரம் பெறலாகாதா என்னும் வினா எழுவது இயல்பு. நீர் 65 டிகிரி சென்டிகிரேடும் வெளிக்காற்று 25 டிகிரியும் ஆயின், குறையே இல்லாத எஞ்சினும் வெப்பத்தில் நூற்றுக்கு 12 பங்கையே வேலையாக மாற்றவியலும். உராய்வும் வெப்பக் கசிவும் போக எஞ்சுவது சொற்பம். சூரிய மின்பலகையோ, அசையும் உறுப்பு ஏதுமின்றி, வெயிலில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கை மின்சாரமாக்குகிறது.

வெப்பநிலை உயர்ந்தால் நிலைமை மாறும். 2008-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், பெரிய குழியாடியுடன் இணைத்த ஸ்டர்லிங் எஞ்சின் நூற்றுக்கு 31 பங்கை எட்டியது. எனினும் அவ்வாடி நாள்தோறும் சூரியனை நோக்கித் திரும்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். மேகம் மறைப்பின் பயனில்லை. மழைக்காலப் பெங்களூரில் நெருங்கிய வீடுகளுக்கு இது ஏற்றதன்று.

1980-களில் உமியால் இயங்கும் 5 குதிரைத்திறன் ஸ்டர்லிங் எஞ்சின்கள் சென்னையில் தயாரிக்கப்பட்டன. நெல் அரைக்கும் ஊர்களில் உமியே எரிபொருளாதலின், அங்கு இவ்வெஞ்சினுக்கு இடமுண்டு.

ஆகவே, நகர வீட்டார் வினவினால், வெந்நீரைக் குளிக்கவும், மின்பலகையை மின்சாரத்திற்கும் கொள்ளுமாறு கூறுதல் தகும். பள்ளியிலோ, ஒரு கோப்பை வெந்நீரின்மேல் சுழலும் சிறு மாதிரி எஞ்சின் வெப்பவியலை மாணவர்க்கு எளிதில் விளக்கும்.