ஹெர்குலிஸ் கழுவிவிட்ட சாணம் எங்க போச்சு?

இன்னைக்கு நாம பேசப்போறது பெர்சி ஜாக்சன் பத்தி. ரிக் ரியோர்டன் எழுதின இந்தத் தொடரோட முதல் புத்தகம் 'தி லைட்னிங் தீஃப்' 2005-ல வந்தது. டிஸ்லெக்ஸியாவும் ஏடிஹெச்டியும் இருந்த தன் மகனுக்கு ராத்திரி கிரேக்கக் கதைகளா சொல்லிட்டு இருந்தார். கதை தீர்ந்துபோச்சு. அப்போ புதுசா கட்டினதுதான் பெர்சி. அதனாலதான் கடல் கடவுள் பொசைடனோட மகனான அவனுக்கும் எழுத்துகள் குழம்பும், மனசு ஒரு இடத்துல நிக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி, 2008-ல வந்த நாலாவது புத்தகம் 'தி பேட்டில் ஆஃப் தி லேபிரின்த்'ல இருக்கு. அதுக்கு முன்னாடி பழைய கதை தெரியணும். ஆஜியஸ் ராஜாவோட தொழுவத்துல பல வருஷச் சாணம். ஹெர்குலிஸ் ரெண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டு ஒரே நாள்ல கழுவிட்டார். வேலை முடிஞ்சது, கதையும் முடிஞ்சது.

பெர்சிக்கும் அதேமாதிரி ஒரு குதிரை லாயம். அவனும் ஆத்தைத் திருப்பப் போறான். அந்த ஆத்துல வாழுற தேவதை குறுக்க வந்து நிக்கிறா: இந்த அசிங்கமெல்லாம் என் ஆத்துலதானே வந்து சேரும்? அவன் வேற வழி தேடுறான். எப்பவோ கடலா இருந்த அந்த மண்ணுல கிடக்கிற சிப்பிகள்ல இருந்து உப்புத்தண்ணியை வரவெச்சுக் கழுவுறான்.

திருப்பூர்க்காரங்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல. பருத்தித் துணியில சாயம் பிடிக்க உப்பு நிறைய வேணும். சாயப்பட்டறைத் தண்ணி அந்த உப்போட நொய்யல்ல போச்சு. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல திறந்த ஒரத்துப்பாளையம் அணையில போய்த் தேங்குச்சு. கீழ இருந்த விவசாயிங்களே 'தண்ணி தேக்காதீங்க'ன்னு கேட்கிற நிலைமை வந்தது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளிய விடாத ஏற்பாடு இருந்தாதான் திறக்கலாம்.

இப்போ அந்தத் தண்ணியைச் சுத்திகரிச்சு மறுபடியும் சாயம் போடவே எடுத்துக்கிறாங்க. ஆனா திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மிஞ்சுது. அதை மூட்டை மூட்டையா அடுக்கி வெச்சிருக்காங்க. பெர்சி உப்புத்தண்ணியாலயே லாயத்தைக் கழுவிட்டான். நமக்கு அந்த உப்பை என்ன பண்றதுங்கிறதே இன்னும் பெரிய பாடா இருக்கு.

புத்தகத்தை வரிசையா முதல்ல இருந்தே படிங்க. அந்த ஆத்துத் தேவதை வர்ற இடம் வந்ததும் நொய்யலையும் ஒரு தடவை நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!