மார்பீன் போய் ஒட்டும் இடங்கள்

ஓப்பியாய்டு ஏற்பி என்பது நரம்புச் செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். அபினிலிருந்து எடுக்கும் மார்பீனும், மூளை தானே சுரக்கும் எண்டார்பின், என்கெஃபலின் போன்றவையும் அதில்தான் ஒட்டுகின்றன. 1973இல் பால்டிமோரில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் கதிரியக்கம் ஏற்றிய நலாக்சோனைக் கொண்டு இதைக் காட்டினார்கள். அதே ஆண்டு நியூயார்க்கிலும் ஸ்வீடனின் உப்சாலாவிலும் இதே முடிவு தனித்தனியாகக் கிடைத்தது.

மியூ, டெல்டா, கப்பா என மூன்று முக்கிய வகைகள் உண்டு. டெல்டா பெருமூளைப் புறணியில் மிகுதி, மூளைத்தண்டில் குறைவு. கப்பா ஹைப்போதலாமஸிலும் கிளாஸ்ட்ரத்திலும் நிறைந்திருக்கிறது. அதைத் தூண்டினால் இன்பமல்ல, மனக்கசப்பே வரும். மார்பீனைப் பொறுத்தவரை மியூவே முக்கியம்; மற்ற இரண்டும் துணைப்பாத்திரங்கள்தான். மியூ ஏற்பியின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு மார்பீனைக் கொடுத்து 1996இல் சோதித்தபோது வலியும் குறையவில்லை, அடிமைத்தனமும் உண்டாகவில்லை.

வலிச் செய்தி ஏறிவரும் பாதை நெடுக, தண்டுவடத்தின் பின்கொம்பு, நடுமூளை, தாலமஸ் என மியூ ஏற்பிகள் அடர்ந்திருக்கின்றன. வலி நீக்க இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை எழுப்பும் செல்களிலும் அவை இருக்கின்றன. அளவு மீறினால் உயிர் போவது இதனால்தான். ஒரே பகுதிக்குள்ளும் பரவல் சீராக இல்லை: எலியின் ஸ்ட்ரையாட்டத்தில் மியூ ஏற்பிகள் திட்டுத்திட்டாகவே தென்படுகின்றன.

ஏற்பி செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றே: செல்லை அடக்குவது. நரம்பு முனையில் கால்சியம் நுழைவதைத் தடுத்து, வேதித்தூதர்கள் வெளியேறுவதைக் குறைக்கிறது. செல்லின் உடலில் பொட்டாசியத்தை வெளியேறவிட்டு, செல் எளிதில் கிளர்ச்சி அடையாதபடி செய்கிறது. அப்படியானால் போதையின் கிளர்ச்சி எப்படி வருகிறது? நடுமூளையில் டோபமைன் செல்களின் மேல் மியூ ஏற்பிகள் அதிகம் இல்லை; அந்தச் செல்களைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் காபா செல்களின் மேல்தான் இருக்கின்றன. காபா செல் அடங்கும்போது கட்டுத் தளர்ந்து டோபமைன் பெருகுகிறது.

இதற்கு மாறாக, மூளைத்தண்டின் லோகஸ் செருலியஸில் நோரட்ரீனலின் சுரக்கும் செல்களின் மேலேயே மியூ ஏற்பிகள் செறிவாக உள்ளன. நெடுநாள் மருந்தால் அடங்கிக் கிடந்த இச்செல்கள், மருந்து நின்றதும் கட்டுமீறி இயங்குகின்றன. வியர்வை, படபடப்பு, பதற்றம் போன்ற விலகல் அறிகுறிகளில் இதற்குப் பங்கு உண்டு. இரத்த அழுத்தத்துக்கான குளோனிடின் இதே செல்களை வேறோர் ஏற்பி வழியாக அடக்குவதால், இந்த அறிகுறிகளைத் தணிக்கவும் அது கொடுக்கப்படுகிறது.