மறைந்து மறைந்து தெரியும் மீரா

டேவிட் ஃபாப்ரிசியஸ் ஜெர்மனியின் வடமேற்குக் கோடியில் பாதிரியார். இரவானால் வானம் பார்ப்பவர். 1596 ஆகஸ்டில் ஒரு கோளின் இடத்தைக் குறிக்க, பக்கத்திலிருந்த நட்சத்திரம் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டார். சில வாரங்களில் அது பளிச்சென்று ஆனது. அக்டோபரில் ஆளையே காணோம். தொலைநோக்கி வராத காலம். புதிதாக முளைத்து அழிந்துபோன நட்சத்திரம் என்று முடிவுகட்டினார். 1609இல் பார்த்தால், அதே இடத்தில் மறுபடி நிற்கிறது! (அவர் முடிவு தனிக் கதை: வாத்துத் திருடன் யாரென்று தனக்குத் தெரியும் என்று பிரசங்கத்தில் சொல்லப்போய், 1617இல் மண்வெட்டியால் அடிபட்டு இறந்தார்.)

பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அது வந்துபோவதை 1638இல் ஹாலந்துக்காரர் ஹோல்வார்டா கண்டறிந்தார். அதற்கு மீரா என்று பெயரிட்டவர் ஹெவேலியஸ் என்ற வானியலாளர்.

மீரா ஒரு கிழட்டு நட்சத்திரம். எடையில் ஏறக்குறைய நம் சூரியன்தான். நடுவிலிருந்த ஹைட்ரஜன் தீர்ந்து, பிறகு ஹீலியமும் தீர்ந்து, உடல் சூரியனைப் போல் பல நூறு மடங்கு ஊதிவிட்டது. இப்படிப்பட்டவற்றைச் சிவப்பு ராட்சதர்கள் என்கிறார்கள். 332 நாளுக்கு ஒருமுறை மீரா விரிந்து சுருங்குகிறது. உச்சத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும். தாழ்வில் அந்த ஒளி சில நூறு மடங்கு குறைந்துவிடும்.

அடுப்பு அணைகிறது என்று நினைத்துவிட வேண்டாம். வெளிவரும் மொத்த ஆற்றல் அவ்வளவொன்றும் குறைவதில்லை. மேற்பரப்பு குளிரும்போது பெரும்பகுதி நம் கண் பார்க்க முடியாத அகச்சிவப்புக் கதிராகப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, அந்தக் குளிர்ச்சியில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் உருவாகி, மிச்சமிருக்கும் ஒளியையும் விழுங்குகின்றன. சாதாரண நட்சத்திரங்களின் கொதிப்பில் மூலக்கூறுகள் தாக்குப்பிடிப்பது கடினம். 'குளிர்' என்றாலும் இரண்டாயிரம் டிகிரிக்கு மேல்தான்!

நானூறு வருடம் பார்த்த பிறகும் மீரா ஒன்றை ஒளித்துவைத்திருந்தது. 2007இல் நாசாவின் காலெக்ஸ் தொலைநோக்கி புறஊதாக் கதிரில் பார்த்தபோது, அதன் பின்னால் 13 ஒளியாண்டு நீள வால்! விநாடிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் போகிற போக்கில் முப்பதாயிரம் வருடமாக உதிர்த்த பொருள் அது.

டிசம்பர், ஜனவரி முன்னிரவுகளில் கார்த்திகைக் கூட்டத்துக்குத் தென்மேற்கே தேடலாம். உச்சம் வருடத்துக்கு ஒரு மாதம் முன்னால் நகரும். சூரியன் அந்தப் பக்கம் இருக்கும் ஏப்ரலில் விழுந்தால், அந்த முறை கோட்டைவிட வேண்டியதுதான்.