சம்மன் வந்தால் ஒளியாதீங்க!
கார்டு கடன் வழக்கு: கெடு தவறினால் சம்பளத்தில் ஜப்தி!

"கார்டைத் தேய்ச்சது நான்தானே! கோர்ட்டுல போய் என்னத்தைச் சொல்றது?"

கிரெடிட் கார்டு பாக்கிக்காக வங்கி வழக்குப் போட்டதும், இப்படி நினைத்துச் சம்மனை மடித்து டிராயருக்குள் வைப்பவர்கள் உண்டு. அங்கேதான் மோசம் போகிறார்கள்!

கோர்ட்டில் பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் இல்லை என்றால் 'எக்ஸ்பார்ட்டி'! வங்கி சொன்ன கணக்கின்படியே, வட்டி, செலவுத்தொகையோடு டிகிரி ஆகிவிடலாம்.

அடுத்தது ஜப்தி. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயைத் தொட முடியாது. மீதியில் மூன்றில் ஒரு பங்கு வரை பிடிக்கலாம். கணக்கில் சேரும் சம்பளம் 25 ஆயிரம் என்றால் மாதம் 8 ஆயிரம் போச்சு! ஒரே டிகிரிக்கு 24 மாதம் வரை இந்தப் பிடித்தம் உண்டு.

10 நாளா, 30 நாளா?

சம்மனை முதலில் படியுங்கள். சாதாரண வழக்கு என்றால் 30 நாளில் எழுத்து மூலம் பதில் போட வேண்டும். 'ஆர்டர் 37' என்று இருந்தால் உஷார்! 10 நாளில் ஆஜராக வேண்டும். அப்புறம் வங்கி தீர்ப்பு கேட்டு இன்னொரு சம்மன் அனுப்பும். அதற்கும் 10 நாளில், எதிர்த்து வாதாட அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும்.

வக்கீலுக்குக் காசு இல்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

கடைசியாகப் பணம் கட்டி 3 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதா? வழக்கே காலாவதி ஆகியிருக்கலாம். வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேரம் பேசுவது எப்படி?

அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று கணக்கைப் பிரித்துக் கேளுங்கள். பேரத்துக்கு இடம் வட்டியிலும் கட்டணத்திலும்தான். ஆனால் "30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி கூடாது" என்ற பழைய வாதம் எடுபடாது. தேசிய நுகர்வோர் கமிஷனின் அந்த 2008ம் வருஷ உத்தரவை, 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்து விட்டது.

தொகை, தேதி, 'முழுத் தீர்வு' என்ற வார்த்தை மூன்றும் வங்கியின் கடிதத்தில் இருக்க வேண்டும். ஏஜெண்டு கையில் ரொக்கம் தரவே கூடாது! வங்கிக் கணக்கில் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழையும் வாங்குங்கள்.

வழக்கை லோக் அதாலத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் வங்கிக்குத் திரும்பக் கிடைக்கும். அதனால் அவர்களும் இறங்கி வர வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கே போட்ட கையெழுத்துக்கு அப்பீல் இல்லை. கட்ட முடிகிற தவணைக்கு மட்டும் தலையாட்டுங்கள். குறைத்துக் கட்டினால் சிபில் கணக்கில் 'செட்டில்டு' என்று பதிவாகும். அடுத்த கடன் வாங்குவது கஷ்டம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். "பேசிக்கிட்டு இருக்கோம் சார்" என்றால் கோர்ட்டுக் கெடு நிற்காது. சமரசம் கோர்ட்டில் பதிவாகும் வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜராகுங்கள்!