நோயுள்ள பூனைக்குக் காப்புறுதி கிடைக்குமா?

பட்டி மாடு வைத்திருக்கும் மட்டக்களப்பின் படுவான்கரைக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மாட்டுக்குக் காப்புறுதி எடுப்பதென்றால், அது சுகமாக இருக்கிறது என்று கால்நடை வைத்தியர் எழுதித் தரவேண்டும். எந்த மாடு என்று அடையாளம் காட்டக் காதில் இலக்கத் தகடு வேண்டும். நோயில் படுத்துவிட்ட மாட்டை யாரும் ஏற்பதில்லை. வெள்ளாமைக்கும் அப்படித்தான்: வாவி பெருகி வயலுக்குள் தண்ணீர் ஏறிய பிறகு போய்ப் பதிய முடியாது.

வீட்டுப் பூனைக்கும் இதே கணக்குத்தான். ஏற்கெனவே வந்துவிட்ட நோயின் செலவைக் காப்புறுதி ஏற்காது. ஆனால் அதைக் கேட்டவுடன் பலர், "அப்ப நம்மட பூனைக்குக் காப்புறுதியே இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அது தவறு. பெரும்பாலான திட்டங்களில் அந்த ஒரு நோய்க்குத்தான் விலக்கு. அதே பூனை நாளை மோட்டார் சைக்கிளில் அடிபட்டாலோ, வேறொரு நோய் வந்தாலோ இழப்பீடு கேட்கலாம்.

மாட்டிலிருந்து பூனைக்கு

இலங்கையில் அரசு சார்ந்த விவசாயக் காப்புறுதி 1973ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தோடு அமைப்பாக வளர்ந்தது. 1999இல் வந்த 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையாக்கியது. பயிரும் கால்நடையும் அதன் பொறுப்பு. உலகிலும் கதை இப்படித்தான் போயிருக்கிறது. சுவீடனில் 1890இல் குதிரைக்கும் கால்நடைக்கும் தொடங்கிய காப்புறுதி, 1924இல்தான் ஒரு நாய்க்குக் கிடைத்தது. உழைக்கும் விலங்குகளுக்குப் பிறகே வீட்டுச் செல்லங்களின் முறை வந்தது. இங்கே செல்லப்பிராணிக்கான திட்டத்தைக் காப்புறுதி நிறுவனங்கள்தான் விற்கின்றன. எல்லா நிறுவனங்களும் விற்பதில்லை, விற்பவற்றிலும் சில நாய்க்கு மட்டும் தருகின்றன. ஆகவே பூனைக்கும் உண்டா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

"முன்பே இருந்த நோய்" என்றால் என்ன?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். வைத்தியர் பெயர் சொல்லி எழுதிய நோய் மட்டும் கணக்கில் வரும் என்று நாம் நினைக்கிறோம். நிறுவனம் பார்ப்பது அறிகுறியை. காப்புறுதி தொடங்குவதற்கு முன்பே அறிகுறி தெரிந்திருந்தால், நோயின் பெயர் பிறகு தெரியவந்தாலும் அது முன்பே இருந்த நோய்தான்.

ஓர் உதாரணம். மாசி மாதம் பூனையை வைத்தியரிடம் காட்டுகிறீர்கள். "வழமையைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறது, மெலிகிறது" என்று அவர் குறிப்பில் எழுதுகிறார். பங்குனியில் காப்புறுதி எடுக்கிறீர்கள். வைகாசியில் இரத்தப் பரிசோதனை செய்து நீரிழிவு என்கிறார்கள். மாசியில் எழுதிய அந்த ஒரு வரியை வைத்தே இழப்பீடு மறுக்கப்படலாம்.

ஒரு நோயின் தொடர்ச்சியாக வருவதும் இதில் சேரும். கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர் அடைப்பு வருவதுண்டு. போன வருடம் அடைப்பு வந்து குணமான பூனைக்கு இந்த வருடம் சிறுநீரகம் கெட்டால், இரண்டும் ஒரே நோயின் வழி என்று நிறுவனம் வாதிடலாம். ஒரு முழங்காலில் முன்பே கோளாறு இருந்தால் மற்றக் காலையும் விலக்கும் திட்டங்களும் உண்டு.

காப்புறுதி எழுதிய பிறகும் ஒரு காத்திருப்புக் காலம் இருக்கும். நோய்களுக்குப் பல நிறுவனங்கள் 14 நாள் வைக்கின்றன. அந்த நாட்களுக்குள் தலைகாட்டும் நோயும் முன்பே இருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

குணமாகும் நோய், கூடவே இருக்கும் நோய்

காதுப்பூச்சி, படர்தாமரை, வயிற்றோட்டம் போன்றவை வந்து போகும். ஆறு மாதமோ ஒரு வருடமோ அறிகுறி எதுவும் இல்லாமல் கழிந்தால், அந்த விலக்கை நீக்கும் நிறுவனங்கள் உண்டு. அதற்கு வைத்தியரின் எழுத்து வேண்டும். நாள்பட்ட சிறுநீரக நோய், நீரிழிவு, ஆஸ்துமா ஆகியவை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே இருப்பவை. இவற்றுக்கு விலக்கு நீங்கும் என்று நம்பிக் கட்டுப்பணம் கட்ட வேண்டாம்.

மறைக்கலாமா?

மறைக்கக் கூடாது. கேட்ட விவரத்தை ஒளிக்காமல் சொல்வது காப்புறுதியின் அடித்தளம். 1766இல் லண்டனில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தந்த தீர்ப்பு இந்த நல்லெண்ணக் கடமையைத் தெளிவாக வகுத்தது. இழப்பீடு கேட்கும்போது வைத்தியரின் பழைய குறிப்புகளை நிறுவனம் வாங்கிப் பார்க்கும். மறைத்தது தெரிந்தால் அந்த நோய்க்கான பணம் மட்டுமல்ல, ஒப்பந்தமே கைவிட்டுப் போகலாம். உள்ளதைச் சொல்லி, எதற்கு விலக்கு என்பதை எழுத்தில் வாங்கி வைத்திருப்பவருக்குப் பிறகு வழக்காட ஓர் ஆதாரமாவது கையில் இருக்கும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. எந்த நோய்க்கு, எந்த உறுப்புக்கு விலக்கு? அதை எழுத்தில் தருவீர்களா?
2. காத்திருப்புக் காலம் எத்தனை நாள்? விபத்துக்கும் அதேதானா?
3. எத்தனை வயதுவரை புதிதாகச் சேர்ப்பீர்கள்?
4. ஒவ்வொரு முறையும் நாங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை எவ்வளவு? வருடத்துக்கு உச்ச வரம்பு என்ன?
5. இந்த வருடம் வரும் நோய்க்கு அடுத்த வருடமும் பணம் உண்டா?

ஐந்தாவது கேள்வியைச் சும்மா விட்டுவிடக் கூடாது. சில திட்டங்கள் பன்னிரண்டு மாதத்தோடு ஒரு நோய்க்குக் கணக்கை முடித்துவிடும். நிறுவனத்தை மாற்றினாலும் பழைய நிறுவனத்தில் இருந்தபோது வந்த நோய் புதியவருக்கு "முன்பே இருந்த நோய்" ஆகிவிடும். நோயுள்ள பூனை வைத்திருப்பவர் கட்டுப்பணம் சற்றுக் குறைகிறது என்பதற்காக மாறக் கூடாது.

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பிள்ளைகள், "அங்க இருக்கிற பூனைக்கு இங்க எடுத்துத் தாறம்" என்று அன்பாகச் சொல்வார்கள். அந்த நாடுகளின் திட்டங்கள் அங்கு வாழும் பூனைகளுக்கானவை. கல்லடியில் இருக்கும் பூனைக்கு அவை உதவா. பிள்ளைகள் அந்தப் பணத்தை மாதாமாதம் அனுப்பினால் கூடுதல் பயன்.

இங்கே விற்பவர் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது. இழப்பீட்டில் தகராறு வந்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் முறையிடலாம்.

விலக்கப்பட்ட நோய்க்கு என்ன வழி?

அதற்கு நமது சேமிப்புத்தான். மாதம் 2,000 ரூபாய் தனிக் கணக்கில் போட்டால் வருடத்தில் 24,000 ஆகும். இரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும், பெரிய சிகிச்சைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலைவரை போகும் வாகனத்துக்கும் அந்தக் கணக்கு கைகொடுக்கும்.

செலவைக் குறைப்பதும் நம் கையில் இருக்கிறது. பூனையின் சிறுநீரகம் பெரும்பகுதி கெட்ட பிறகே நோய் வெளியே தெரியும். மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் மெலிவதை முன்பே பிடிக்கலாம். வாவி மீன் மலிவென்று தினமும் பச்சையாகப் போடக் கூடாது. சில மீன்களின் பச்சைச் சதையில் உள்ள ஒரு பொருள் பூனைக்குத் தேவையான பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும். அவித்துக் கொடுங்கள், அதோடு மற்ற உணவும் கொடுங்கள். காய்ச்சல் என்று பரசிட்டமோல் கொடுக்கவே வேண்டாம், அது பூனையைக் கொல்லும். கடுவன் சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

வீட்டில் சுகமான குட்டி ஒன்றும் இருந்தால், அதை இந்தக் கிழமையே கால்நடை வைத்தியரிடம் காட்டி, எடையும் தடுப்பூசித் திகதியும் எழுதிய ஒரு கொப்பியைத் தொடங்குங்கள். மாடு சுகமாக இருக்கும்போதே எழுதி வைக்கும் பட்டிக்காரரின் பழக்கம் அந்தக் குட்டிக்கும் உதவும்.