புவி வெப்பமடைதலும் சிங்கப்பூரும்: ஓர் எண்ணின் பொருள்

முன்னுரை

புவி வெப்பமடைதலைப் பற்றிப் பேசும்போது உருகும் பனிப்பாறைகளையும் துருவக் கரடிகளையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். நிலநடுக்கோட்டை ஒட்டி அமைந்த சிங்கப்பூரில் அதன் விளைவுகள் வேறு வடிவில் வெளிப்படுகின்றன. இக்கட்டுரை அவ்விளைவுகளைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அவற்றுள் தமிழாசிரியர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய ஒன்றை விளக்க முற்படுகின்றது.

தீவும் கடலும்

2024 சனவரியில் வெளியான சிங்கப்பூரின் மூன்றாம் தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் நாட்சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 பாகை செல்சியஸ் வரை உயரக்கூடும் என்றும், 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்றும் மதிப்பிடுகின்றது. இம்மதிப்பீடுகளின் கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் உள்ள இடைவெளி, உலக நாடுகள் இனி வெளியிடப்போகும் கரியமிலவாயுவின் அளவைப் பெரிதும் பொறுத்தது. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. கரையோரப் பாதுகாப்பிற்கு நூறாண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என 2019ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேருரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் குறிப்பிட்டார்.

கடல்வாழ் உயிரினங்களும் இம்மாற்றத்திற்கு விலக்கல்ல. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூர்ப் பவளப்பாறைகள் வெளிறின. கடல்நீர் மிகையாகச் சூடேறும்போது பவள உயிரிகள் தமக்கு உணவளிக்கும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுவதே இதற்குக் காரணமாகும்.

வெப்பமும் ஈரப்பதமும்

2023 மே 13ஆம் நாள் அங் மோ கியோவில் 37 பாகை வெப்பம் பதிவாகி, 1983இல் தெங்காவில் பதிவான உச்ச அளவைச் சமன்செய்தது. கோடையில் 40 பாகையைக் காணும் தமிழக உள்மாவட்டத்தார்க்கு இவ்வெண் பெரிதாகத் தோன்றாது. ஆயின், மனித உடல் வியர்வையை ஆவியாக்கியே தன்னைக் குளிர்வித்துக்கொள்கின்றது. காற்றில் ஈரப்பதம் மிகும்போது வியர்வை வழிந்தோடுமேயன்றி எளிதில் ஆவியாகாது. உடலின் உள்வெப்பம் ஏறும்.

எனவேதான் சிங்கப்பூரில் ‘ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை’ என்னும் அளவு பயன்படுத்தப்படுகின்றது. வெட்டவெளியில் இதனைக் கணக்கிடும்போது ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 விழுக்காடும், வெயிலை ஏற்கும் கருங்கோள வெப்பமானிக்கு 20 விழுக்காடும், வழக்கமான காற்று வெப்பநிலைக்கு 10 விழுக்காடும் மதிப்பு அளிக்கப்படுகின்றன. இவ்வளவு 33 பாகையை எட்டினால் வெப்ப அழுத்தம் ‘உயர்நிலை’ எனக் கொள்ளப்படும். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு அறிவித்த நெறிமுறைப்படி, வெளியிடங்களில் கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோர்க்கு 32 பாகையில் மணிக்குக் குறைந்தது 10 நிமிடமும், 33 பாகையில் 15 நிமிடமும் ஓய்வளிக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையிலும் தேக்கா வட்டாரத்திலும் திரளும் தமிழகத் தொழிலாளர்களுள் பலர் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் உழைப்பவர்கள். ‘இன்று வெப்பநிலை 33’ என்று மட்டும் தமிழில் எழுதினால், அதனைத் தம் ஊரின் இளவெயிலோடு ஒப்பிட்டு அவர்கள் கடந்துசெல்லக்கூடும். மொழிபெயர்ப்பில் எண் பிழையின்றி வந்திருக்கும், எச்சரிக்கையோ வந்திராது. ‘உயர் வெப்ப அழுத்தம், மணிக்கொரு முறை நிழலில் 15 நிமிடம் ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள்’ என்று செய்யவேண்டியதைக் கூறும் தொடரே இங்குப் பயன் தரும். தலைச்சுற்றல், குமட்டல், தடுமாற்றம் ஆகிய அறிகுறிகளும் பேச்சுவழக்கிற்கு நெருக்கமான சொற்களில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

புவி வெப்பமடைதலைத் தடுப்பது உலக நாடுகளின் கூட்டுப் பொறுப்பு. அதன் விளைவுகளைப் புரியும்படி உரைப்பது மொழி கற்பிப்போரின் பொறுப்புமாகும். சுற்றுச்சூழல் பற்றிய பாடங்களில் கலைச்சொல்லின் பொருளை எழுதச் சொல்வதோடு நில்லாமல், வெயிலில் நிற்கும் ஒருவர்க்கு உதவும் அறிவிப்பொன்றை மாணவர்களை எழுதச் செய்யலாம். அவ்வறிவிப்பைப் படிப்பவர் உடனே நிழலுக்குச் செல்வாரா என்பதே அதனைத் திருத்தும் ஆசிரியர் கொள்ளவேண்டிய அளவுகோலாகும்.